குறுஞ்செய்தி உதவியோடு புகையை விடும்போது நடுவில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டால்?

கேள்வி: எனக்கு 44 வயது. இருபது வருடப் புகைப்பழக்கம். புகையை விட உதவும் குறுஞ்செய்தித் திட்டத்தில் சேர்ந்து, நாள் குறித்து சிகரெட்டை நிறுத்தினேன். நான்காம் நாள் ராத்திரி ஒன்று பிடித்துவிட்டேன். மறுநாள் காலையில் "வாழ்த்துகள், இது உங்கள் ஐந்தாம் நாள்" என்று செய்தி வந்தது. பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. செய்திகளை நிறுத்திவிடலாமா? இதனால் உண்மையில் பலன் உண்டா?

பதில்: நிறுத்தாதீர்கள். உங்களை வாழ்த்தியது ஒரு கணினி. நீங்கள் கொடுத்த தேதியிலிருந்து நாட்களை எண்ணி, அன்றன்றைக்கு உரியதை அனுப்புகிறது. நீங்கள் சொல்லாவிட்டால் அதற்கு எப்படித் தெரியும்? நல்ல திட்டங்களில் இதற்கென்றே சொற்கள் வைத்திருப்பார்கள்: ஆசை முட்டும்போது அனுப்ப ஒன்று, தவறிவிட்டால் அனுப்ப இன்னொன்று. சேர்ந்த அன்று வந்த செய்திகளில் தேடிப் பாருங்கள், கிடைத்ததும் இன்றைக்கே அனுப்புங்கள். அதற்குப் பிறகு வருவது உங்கள் நிலைமைக்குப் பொருந்தும். ஒன்று பிடித்த பலர் பழையபடி முழுப் பழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன்.

பலன் உண்டு, அளவோடு. பிரிட்டனில் சுமார் 5,800 பேரிடம் நடந்த டெக்ஸ்ட்-டு-ஸ்டாப் ஆய்வு 2011இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு முதல் 5 வாரம் தினம் 5 செய்தி, அப்புறம் 26 வாரம் வாரத்துக்கு 3. மறுபாதிக்குப் புகையை விடுவதோடு சம்பந்தமில்லாத செய்திகள். ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 10.7 சதவீதம் பேர் புகையை விட்டிருந்தார்கள், மற்றதில் 4.9 சதவீதம். வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் உமிழ்நீரைச் சோதித்து எடுத்த கணக்கு இது. வாய்ப்பு இரட்டிப்பாகிறது, சரி. ஆனால் பத்தில் ஒன்பது பேருக்கு அது போதவில்லை என்பதையும் அதே கணக்குதான் சொல்கிறது. அதனால் நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை அல்லது சூயிங்கம் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். முதல் சில நாட்களில்தான் தவிப்பு உச்சத்தில் இருக்கும். நீங்கள் தவறியதும் அப்போதுதான். ஒருமுறை கிளம்பும் ஆசை சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நிமிடங்களைத் தாண்டவே செய்தி.

அடுத்து, நான் யாரிடமும் சொல்லாமல் விடாத ஒரு எச்சரிக்கை. புகையை விட விரும்புகிறவரின் போன் எண் வியாபாரிகளுக்குப் பொன்னானது. "ஏழே நாளில் விடுதலை, உத்தரவாதம்" என்று செய்தி வந்தால் அழித்துவிடுங்கள். ஏழு நாளில் முடிகிற வேலை இல்லை இது. "முதல் வாரம் இலவசம்" என்று கார்டு விவரம் வாங்கிக்கொண்டு, பிறகு மாதாமாதம் பணம் எடுக்கிறவர்கள் உண்டு. கலவை தெரியாத பொடியையும் சொட்டு மருந்தையும் விற்க, ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு போன் செய்கிறவர்களும் உண்டு. புகையை விட உதவும் திட்டத்துக்கு உங்கள் ஓடிபி எதற்கு? கேட்டால் அது மோசடி. அரசின் சுகாதாரத் துறையோ மருத்துவமனையோ நேரடியாக நடத்துவதில் மட்டும் சேருங்கள்.

இந்த மோசடிக்காரர்களுக்கு இடம் கொடுத்தது மருத்துவத் துறையில் இருக்கும் நாங்கள்தான் என்பது எனக்குத் தீராத கோபம். "சிகரெட்டை நிறுத்துங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுப்பதோடு மருத்துவர் வேலை முடிந்துவிடுகிறது. திட்டத்தின் எண்ணையும் அதே சீட்டில் எழுத அரை நிமிடம் ஆகுமா? மக்கள் பணத்தில் திட்டத்தைத் தொடங்கிவிட்டு, அப்படி ஒன்று இருப்பதையே ஊருக்குச் சொல்லாமல் விட்டால் யாருக்கு லாபம்?

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் செய்தியை நம்பி இருந்துவிடாதீர்கள். மனநலத்துக்காக குளோசபின், ஓலன்சபின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், புகையை நிறுத்தும் முன்பே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்கள் என்றால் இன்றே. சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டி இந்த மருந்துகளைச் சீக்கிரம் கரைக்க வைக்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறையும். அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் ரத்தத்தில் மருந்து கூடிவிடும். அதிகத் தூக்கம், தள்ளாட்டம் வரலாம், குளோசபினில் வலிப்புகூட வரலாம். ஒட்டுப்பட்டை போட்டாலும் இது மாறாது, ஏனென்றால் காரணம் நிக்கோட்டின் இல்லை, புகை. ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலினுக்கும் இதே கதை. காபியும் அப்படித்தான்: வழக்கமாகக் குடிக்கும் அளவே இப்போது படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும், அதைச் சிகரெட் ஏக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். காபியைப் பாதியாக்குவது உங்கள் கையில் இருக்கிறது. மாத்திரையை மட்டும் நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும். மருந்தின் பெயர் தெரியாவிட்டால் மாத்திரை அட்டையையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.