பெங்களூரின் பப், கிராஃப்ட் பீர் உலகம் எப்படி மாறியிருக்கிறது? சென்னையிலிருந்து வருபவர் எங்கே தொடங்கலாம்?

பழைய பப்புகள் இன்னும் இருக்கின்றனவா, கிராஃப்ட் பீர் என்பது விலையை ஏற்றும் வேலைதானா, வார இறுதியில் வருகிற ஒருவர் எங்கே தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். டாஸ்மாக் பாட்டிலைத் தாண்டிப் பழக்கமில்லை என்றும் எழுதியிருப்பதால் கொஞ்சம் அடியிலிருந்தே சொல்கிறேன்.

பெங்களூருக்குப் பீர் ஐடி கம்பெனிகளோடு வரவில்லை. கன்டோன்மென்டில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த காலத்திலிருந்தே இங்கே பீர் காய்ச்சியிருக்கிறார்கள். நீலகிரி உட்பட தென்னிந்தியாவில் அங்கங்கே இருந்த ஐந்து சிறிய ஆலைகளை தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915ல் ஒன்றாகச் சேர்த்தார். அதுதான் யுனைடெட் புரூவரீஸ். பின்னால் அது விட்டல் மல்லையா கைக்குப் போனது, 1978ல் கிங்ஃபிஷர் வந்தது. ஊருக்கு நடுவே ஆலை இருந்த அந்த இடத்தில்தான் இப்போது யூபி சிட்டி என்ற பணக்கார மால் நிற்கிறது. அது திறந்தது 2008ல். மூன்றே வருடத்தில் அதே விட்டல் மல்லையா சாலையில் தி பியர் கிளப் என்ற சின்ன பப், தன் சொந்த டேங்கில் பீர் காய்ச்ச ஆரம்பித்துவிட்டது. ஆலையை இடித்து மால் கட்டிய தெருவுக்கே மால்ட் (பீருக்காக முளைகட்டிய பார்லி) வாசனை திரும்பி வந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

நடுவில் ஒரு காலம் உண்டு. 1980களின் பின்பாதியிலும் 90களிலும் எம்.ஜி. ரோடு, சர்ச் ஸ்ட்ரீட், ரெசிடென்சி ரோடு வட்டாரத்தில் பப்புகள் வரிசையாக முளைத்தன. விண்கலம் மாதிரி உள்ளே ஜோடித்த நாசா, பப் வேர்ல்ட், பிளாக் காடிலாக் என்று பெயர்களே ஒரு தினுசு. 'இந்தியாவின் பப் தலைநகரம்' என்ற பட்டம் அப்போது கிடைத்தது. அன்று குழாயில் வந்ததும் பெரும்பாலும் அதே கிங்ஃபிஷர்தான். ஆனால் பாட்டிலுக்குப் பதில் மக்கில் வந்தது, கூடவே ராக் இசை, நண்பர்களோடு உட்கார ஒரு பெஞ்சு. பெண்களும் சங்கடமில்லாமல் வந்து உட்காரலாம். நம் ஊரில் பார் என்றால் ஒன்று ஒயின் ஷாப் பக்கத்துக் கொட்டகை, இல்லாவிட்டால் நட்சத்திர ஹோட்டலின் இருட்டறை என்றிருந்த நாட்களில் அது சாதாரண விஷயமில்லை.

அந்தக் கூட்டத்தில் பல இன்று இல்லை. பெகோஸ் இருக்கிறது. 1989ல் ரெஸ்ட் ஹவுஸ் ரோட்டில் தொடங்கிய கடை. ஒல்லியான கட்டடம், எதிரே ஒருவர் இறங்கி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய படிக்கட்டு, சுவரெல்லாம் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் காலத்துப் படங்கள், தேய்ந்து பளபளத்த மர மேசை. பிட்சர் என்ற பெரிய ஜாடியில் பீர், தட்டில் வெங்காயம் தூவிய மசாலா கடலை, வேண்டுமென்றால் சில்லி பீஃப். ஸ்பீக்கரில் என்ன பாட்டு ஓட வேண்டும் என்பதைக் கடைதான் முடிவு செய்யும், ஹிந்திப் பாட்டு கேட்டுப் பார்க்காதீர்கள். இந்தக் கன்டோன்மென்ட் பக்கம் தமிழில் பேசினாலே பெரும்பாலும் வேலை நடந்துவிடும். அல்சூரும் சிவாஜி நகரும் அவ்வளவு பக்கம்.

இனி கிராஃப்ட் பீர், அதாவது சின்ன அளவில் ருசிக்கென்றே காய்ச்சும் பீர். இந்தியாவில் முதலில் இறங்கிய ஊர்கள் குர்கானும் புனேயும். கர்நாடகம் 2010 வாக்கில்தான் மைக்ரோபிரூவரிக்கு, அதாவது தானே பீர் காய்ச்சி விற்கும் பப்புக்கு, வழி திறந்தது. இந்திராநகர் 100 அடி சாலையில் டோய்ட், விட்டல் மல்லையா சாலையில் பியர் கிளப், வைட்ஃபீல்டில் ஜாஸ் கச்சேரியும் புத்தக அலமாரிகளுமாக விண்ட்மில்ஸ், மேக்ராத் ரோட்டில் அமெரிக்காவின் ஆன் ஆர்பரிலிருந்து பெயரையும் செய்முறையையும் கொண்டுவந்த ஆர்பர் என்று இரண்டு மூன்று வருடத்துக்குள் எல்லாம் வந்துவிட்டன. தற்செயலோ என்னவோ, எம்.ஜி. ரோட்டிலிருந்து இந்திராநகர் வழியாகப் போகும் முதல் மெட்ரோ ரயிலும் 2011 அக்டோபரில்தான் ஓட ஆரம்பித்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டாமல் ஊர் சுற்ற முடிந்ததில் அந்தப் பர்ப்பிள் லைனுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, பாட்டிலுக்கும் இதற்கும் அப்படி என்ன வித்தியாசம்? பாட்டில் பீர் மாதக்கணக்கில் லாரியிலும் குடோனிலும் கெடாமல் இருக்க வேண்டும். அதற்காக வடிகட்டி, பதப்படுத்தி அனுப்புகிறார்கள். நம் ஊரில் அதிகம் விற்கும் ஸ்ட்ராங் வகையில் போதைதான் கணக்கு, ருசியை யாரும் கேட்பதில்லை. மைக்ரோபிரூவரியில் பீர் கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் டேங்கிலிருந்து நேரே கிளாஸுக்கு வருகிறது. கோதுமை பீர் ஒன்றைக் கேட்டு வாங்கி, குடிக்கும் முன் மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். கலங்கலாக, மஞ்சளாக, தடித்த நுரையோடு இருக்கும். வாழைப்பழ வாசனை வரும், பின்னாலேயே லேசாகக் கிராம்பு. யாரும் பழமோ கிராம்போ போடவில்லை. ஜெர்மானிய கோதுமை பீருக்கென்றே இருக்கும் ஈஸ்ட் புளிக்கும்போது தானாக உண்டாக்கும் வாசனை அது. நம் ஊரில் வழக்கமாக விற்கும் பாட்டிலில் இதைத் தேடினால் கிடைக்காது. விலை ஏற்றும் வேலையா என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இந்த ஒரு கிளாஸ்தான்.

முதல்முறை என்றால் முழு கிளாஸ் வேண்டாம். 'சாம்ப்ளர்' என்று கேளுங்கள். மரப் பலகையில் குழி வெட்டி, ஆறேழு சின்ன கிளாஸ்களில் வெளிர் நிறத்திலிருந்து கறுப்பு வரை வரிசையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். இலேசானதில் தொடங்குங்கள். டோய்ட்டில் பாஸ்மதி அரிசி சேர்த்த பாஸ்மதி பிளான்ட் நம் நாக்குக்குச் சுலபம், அடுத்து டோய்ட் வைஸ் என்ற கோதுமை பீர். ஐபிஏ என்ற கசப்பு வகை பீரைக் கடைசிக்கு வையுங்கள். அதில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு முதலில் நாக்கில் ஏறிவிட்டால் அதற்குப் பின் எது குடித்தாலும் பச்சைத் தண்ணீர்தான். கோடையில் வந்தால் மாம்பழ பீர் பல இடங்களில் இருக்கும். நான் அதன் ரசிகன் இல்லை, மாம்பழத்தை மாம்பழமாகவே சாப்பிட்டுவிடலாம்.

இதுவரை எல்லாம் நல்ல கதை. இப்போது நடப்பதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மைக்ரோபிரூவரி உரிமத்தின் அடிப்படை, காய்ச்சும் கூரைக்குக் கீழேயே விற்க வேண்டும் என்பதுதான். பீர் பெரும்பாலும் வெளியே போகாது, ஆள்தான் உள்ளே வர வேண்டும். அப்படியானால் அதிகம் சம்பாதிக்க ஒரே வழி, கூரையைப் பெரிதாக்குவது. ஊருக்குள் அவ்வளவு நிலம் ஏது? சர்ஜாபூர் ரோடு, ஹென்னூர், மாரத்தஹள்ளி என்று வெளிவட்டத்துக்கு நகர்ந்தார்கள். குளம், பாலம், நீர்வீழ்ச்சி, மூன்று மாடி என்று கல்யாண மண்டபத்தையே மிஞ்சும் இடங்கள் வந்துவிட்டன. பிக் புரூஸ்கி, அயர்ன்ஹில் எல்லாம் இந்தப் பெருங்கூட்ட வகை. ஆபீஸ் டீம் டின்னர், பிறந்தநாள், புகைப்படம் எல்லாவற்றுக்கும் தோதானவை, மறுக்கவில்லை.

ஆனால் அத்தனை மேசைக்கும் பீர் ஊற்ற வேண்டும். ஏல் வகை பீர் (கோதுமை பீர், ஐபிஏ எல்லாம் இதில் சேரும்) தயாராக இரண்டு வாரமாவது வேண்டும், குளிரில் மெதுவாகப் புளிக்கும் லாகருக்கு ஒரு மாதத்துக்கு மேல். புளிக்கும்போது நடுவில் ஈஸ்ட் வெண்ணெய் வாசனை தரும் ஒரு பொருளை உண்டாக்கும். பொறுத்திருந்தால் அதே ஈஸ்ட் அதைத் தின்று தீர்த்துவிடும். வார இறுதிக் கூட்டத்துக்கு அவசரமாக டேங்கைத் திறந்தால் அந்த வாசனை அப்படியே கிளாஸுக்கு வரும். பிரம்மாண்டமான ஒரு இடத்தில் சனிக்கிழமை இரவு எனக்கு வந்த லாகர், தியேட்டர் பாப்கார்ன் மாதிரியே மணந்தது. மாற்றித் தாருங்கள் என்றதற்கு, "எங்க லாகர் இப்படித்தான் சார் இருக்கும்" என்றார் பரிமாறிய தம்பி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். உங்களுக்கும் அப்படி வந்தால் கூச்சப்படாமல் திருப்பி அனுப்புங்கள். புது இடத்தில் உட்கார்ந்ததும் "இந்த வாரம் எந்த டேங்க் திறந்தீங்க?" என்று கேட்பது என் வழக்கம். பதில் சொல்லத் தெரிந்த இடத்தில் பீர் பெரும்பாலும் நன்றாகவே இருந்திருக்கிறது.

காக்டெயில் பக்கமும் ஒரு அலை அடிக்கிறது. லீலா பேலஸ் ஹோட்டலுக்குள் இருக்கும் இசட்எல்பி23, லவெல் ரோட்டில் ஸ்பிரிட் ஃபார்வர்ட் போன்ற சின்ன பார்களில் ஒரு கிளாஸுக்குப் பின்னால் இருக்கும் வேலையைப் பார்த்து ரசிக்கலாம். பில்லைப் பார்க்கும்போது ரசனை சற்றுக் குறையும்.

வழி கேட்டீர்களே. முதல் நாள் மாலை எம்.ஜி. ரோடு மெட்ரோவில் இறங்கி, பெகோஸில் ஒரு பிட்சர். அப்படியே நடந்து செயின்ட் மார்க்ஸ் ரோட்டில் கோஷிஸ். வெள்ளைச் சீருடைப் பணியாளர்கள், எழுத்தாளர் வக்கீல் கூட்டம், அவசரமே இல்லாத மேசைகள். பீரும் உண்டு, வேண்டாதவர்களுக்கு நல்ல காபியும் உண்டு. மறுநாள் இந்திராநகர் ஸ்டேஷனில் இறங்கி டோய்ட். நேரம் இருந்தால் அதே பர்ப்பிள் லைனில் வைட்ஃபீல்டு பக்கம் போய் விண்ட்மில்ஸ். என்னைக் கேட்டால் இந்த ஊரில் பீரையும் அமைதியையும் ஒன்றாகத் தரும் இடம் அதுதான். கச்சேரி இருக்கும் நாளா என்று பார்த்துப் போனால் இன்னும் நல்லது, அதற்குத் தனி டிக்கெட்.

காசு விஷயம்: மைக்ரோபிரூவரியில் ஒரு கிளாஸ் 400 ரூபாய் வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள், வரி, சர்வீஸ் சார்ஜ் எல்லாம் சேர்ந்தால் இருவருக்கான பில் சுலபமாக மூவாயிரத்தைத் தாண்டும். பெகோஸில் அதில் பாதி கூட ஆகாது. 21 வயது ஆகவில்லை என்று சந்தேகம் வந்தால் அடையாள அட்டை கேட்பார்கள். பப் இரவு ஒரு மணி வரை திறந்திருந்தாலும் கடைசி மெட்ரோ பதினோரு மணி வாக்கிலேயே கிளம்பிவிடும், அதற்கப்புறம் ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை. ஞாயிறு மதியம் டோய்ட் போவதாக இருந்தால் பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள். ஒரு மணிக்கு மேல் வாசலில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வெயிலில் நிற்க வேண்டியிருக்கும்.