இணையவழிக் கற்றல் தளத்தை மாணவர்கள் ஏற்பதைத் தீர்மானிப்பவை எவை?

ஒரே கற்றல் தளத்தைச் சில மாணவர்கள் விரும்பிப் பயன்படுத்த, மற்றவர்கள் ஏன் தவிர்க்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு புதிய தொழில்நுட்பத்தை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்பதை விளக்க, ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் 1989-இல் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரி இரண்டு காரணிகளைச் சொல்கிறது: இது தனக்குப் பயன்படும் என்ற எண்ணம், கையாள எளிது என்ற எண்ணம். இவற்றில் முன்னதே வலுவானது என்று அவருடைய ஆய்வு காட்டியது. ஆயினும் எளிமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்பேன். கெடு முடியச் சில நிமிடங்களே இருக்கையில் ஒப்படைப்பைப் பதிவேற்றும் மாணவி, திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்தபடி, கோப்பு போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் தவித்தால், அத்தளத்தின் மீதான நம்பிக்கை அங்கேயே உடைந்துவிடும். 2003-இல் வெங்கடேஷ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நால்வர் வகுத்த விரிவான மாதிரி, சுற்றியிருப்போரின் தாக்கத்தையும் வசதிகள் அமைந்த சூழலையும் சேர்த்துக்கொண்டது. அந்தத் தாக்கத்தில் ஆசிரியரின் பங்கே பெரிது என்று கருதுகிறேன். மாணவர் எழுப்பும் ஐயத்துக்கு ஆசிரியர் தளத்திலேயே அன்றே பதில் எழுதுகிறாரா என்று முதலில் பாருங்கள்.