அமெரிக்காவில் ஏழைகளுக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது என்கிறார்களே, சிறைக் கைதிகளுக்கும் அப்படித்தானா?

இல்லை. தள்ளுபடி வெளியே இருக்கும் ஏழைக்குத்தான். உள்ளே இருக்கும் ஏழைக்குத் தவணை.

நான் வக்கீல் இல்லை. டெக்சாஸில் இருந்தபோது கைதிகளுக்குக் கடிதம் எழுதும் ஒரு குழுவில் இருந்தேன். இந்தக் கணக்கு எனக்குப் புரிந்ததே அந்தக் கடிதங்களால்தான்.

மத்திய நீதிமன்றத்தில் சிவில் வழக்குப் போட 405 டாலர். அதில் 55 நிர்வாகக் கட்டணம். ஏழை என்று மனுக் கொடுக்கும் கைதிக்கு அந்த 55 கிடையாது, ஆனால் மீதி 350ஐ முழுதாகக் கட்டியே ஆக வேண்டும். 1996ல் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு இது. கைதிகள் அற்பக் காரணங்களுக்கெல்லாம் வழக்குப் போடுகிறார்கள் என்று அப்போது பெரிய கூச்சல். வேர்க்கடலை வெண்ணெயில் வேறு ரகம் கொடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் வழக்குப் போட்ட கதையை ஊரே சொல்லிச் சிரித்தது. ஜான் நியூமன் என்ற நீதிபதி அந்த வழக்கை எடுத்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்த பொருளுக்கும் கைதியின் கணக்கில் காசு பிடித்திருந்தார்கள், சண்டை அதற்குத்தான். ஆனால் கதை ஓடிய வேகத்தில் விளக்கம் ஓடவில்லை.

சரி, தவணை எப்படி? கடைசி ஆறு மாதத்தில் கைதியின் கணக்கில் மாதம் சராசரியாக எவ்வளவு வந்தது, எவ்வளவு இருந்தது என்று பார்ப்பார்கள். இரண்டில் எது அதிகமோ அதில் 20 சதவீதம் முதல் தவணை. அப்புறம் மாதா மாதம் வரவில் 20 சதவீதம், கணக்கில் 10 டாலருக்கு மேல் இருக்கும்போதெல்லாம். டெக்சாஸில் பெரும்பாலான கைதிகளுக்குச் சிறை வேலைக்குக் கூலியே இல்லை. அதனால் இந்த 'வரவு' என்பது அநேகமாக அம்மாவோ அக்காவோ அனுப்பும் பணம். மாதம் 50 டாலர் வந்தால் 10 போகும். 350 தீர 35 மாதம். முதல் வாரமே நீதிபதி வழக்கைத் தூக்கிப் போட்டாலும் கடன் நிற்கும். மேல்முறையீடு என்றால் தனியாக 605. இரண்டு வழக்கு இருந்தால் வரிசையாகப் பிடிப்பதில்லை, ஒரே மாதத்தில் 40 சதவீதம் பிடிப்பார்கள். 2016ல் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது.

கையில் ஒன்றுமே இல்லாவிட்டால் அதற்காக வழக்கைத் தடுக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் மூன்று வழக்குகள் அற்பம் என்றோ, சட்டப்படி நிற்காது என்றோ தள்ளுபடியானால் தவணையும் போச்சு. அடுத்த வழக்குக்கு முழுப் பணமும் முன்கூட்டியே வைக்க வேண்டும். உடனடியாகக் கடுமையான உடல் காயம் நேரும் அபாயம் இருந்தால் மட்டும் விலக்கு. வக்கீல் இல்லாமல் கையால் எழுதிப் போடுகிறவர்களுக்கு மூன்று என்பது எனக்குப் பெரிய எண்ணாகத் தெரியவில்லை.

தண்டனையையே எதிர்க்கும் ஆட்கொணர்வு மனு வேறு கணக்கு. அதற்கு 5 டாலர்தான்.

எனக்கு எழுதியவர்களில் ஒருவருக்குக் கால் வீக்கம். அளவான ஷூ கேட்டுச் சிறைக்குள் எழுத வேண்டிய புகார்களை எல்லாம் எழுதி முடித்துவிட்டார், அது இல்லாமல் நீதிமன்றம் போக முடியாது. அடுத்தது வழக்குத்தான். அம்மா அனுப்பும் பணத்தை வைத்துக் கடிதத்தின் ஓரத்திலேயே கணக்குப் போட்டிருந்தார். அடுத்த கடிதத்தில், சிறைக் கடையில் இருப்பதிலேயே பெரிய ஷூவாக வாங்கிப் பின்பக்கத்தை வெட்டிவிட்டேன் என்று எழுதியிருந்தார்.