டிராஃப்ட் முடிந்த மறுநாள் மதிப்பெண்ணை நம்பலாமா?

கேள்வி: டெக்சஸில் ஃபிரிஸ்கோ நகரில் ஒன்பது வருடமாக இருக்கிறோம். பையனுக்குப் பதின்மூன்று வயது, பேஸ்பால் பைத்தியம். அவனால் நானும் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் ரசிகன் ஆகிவிட்டேன். ஒவ்வொரு ஜூலையிலும் டிராஃப்ட் (பள்ளி, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது) முடிந்த மறுநாளே நம் அணிக்கு 'பி மைனஸ்', வேறு யாருக்கோ 'ஏ' என்று மதிப்பெண் வந்துவிடுகிறது. பையனுக்கு இரண்டு நாள் சோறு இறங்குவதில்லை. எடுக்கப்பட்டவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. ஐபிஎல் ஏலம் என்றாலாவது யார் எப்படி ஆடுவார் என்று ஒரு கணக்கு இருக்கும். இதில் நம் அணி சரியாகத் தேர்ந்தெடுத்ததா என்று சாதாரண ரசிகன் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் பையனைச் சாப்பிடச் சொல்லுங்கள். அந்த 'பி மைனஸ்' அவன் அணிக்குப் போட்டது அல்ல. டிராஃப்டுக்கு முன்பே நிபுணர்கள் ஆளுக்கொரு வரிசைப் பட்டியல் வைத்திருப்பார்கள். அந்த வரிசையை ஒட்டி எடுத்த அணிக்கு நல்ல மதிப்பெண், விலகிப் போன அணிக்குக் குறைந்த மதிப்பெண். பரீட்சையே இன்னும் நடக்கவில்லை. கேள்வித்தாள் அச்சடித்தவரே விடையும் எழுதிக்கொண்ட கதை இது.

இந்தப் பழக்கம் அமெரிக்கக் கால்பந்திலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். உங்கள் ஊர்ப்பக்கம் கவ்பாய்ஸ் ரசிகர்கள்தானே அதிகம். அங்கே ஏப்ரலில் எடுத்த ஆள் செப்டம்பரில் களத்தில் நிற்பார். பேஸ்பாலில் அப்படி இல்லை. எடுக்கப்படுவது பள்ளியை முடித்த பதினெட்டு வயதுப் பையன், அல்லது கல்லூரியில் மூன்று வருடம் ஆடிய இருபத்தொரு வயது இளைஞர். அவர்கள் கீழிருந்து சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ என்று படி ஏறி மேலே, அதாவது மேஜர் லீக்குக்கு, வரவேண்டும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஆடும் ஃபிரிஸ்கோ ரஃப்ரைடர்ஸ்தான் ரேஞ்சர்ஸின் டபுள்-ஏ அணி. இந்த விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

பொதுவாகப் பேசுவதைவிட உங்கள் அணியின் ஒரு வருடத்தையே எடுத்துக்கொள்வோம். 2020, கொரோனா வருடம். வழக்கமாக நாற்பது சுற்று நடந்த டிராஃப்டை ஐந்து சுற்றோடு முடித்துவிட்டார்கள் (இப்போது இருபது சுற்று). ரேஞ்சர்ஸுக்கு ஐந்தே ஐந்து பேர். 14-ஆவது இடத்தில் மிசிசிப்பி ஸ்டேட் கல்லூரியின் ஜஸ்டின் ஃபாஸ்க்யூ. 50-ஆவது இடத்தில் டென்னசி மாநிலத்தின் ஒரு சிறிய ஊரிலிருந்து எவன் கார்ட்டர் என்ற பள்ளிப் பையன். அந்தப் பெயரைக் கேட்டதும் தொலைக்காட்சியில் இருந்தவர்களே விழித்தார்கள். பிரபலமான பட்டியல்களில் தேடியவர்களுக்கும் ஏமாற்றம்தான். "யாருப்பா இது" என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். அடுத்து டெக்கோவா ரோபி, டிலன் மக்லீன், தாமஸ் சகீஸி. மறுநாள் வந்த மதிப்பெண்கள் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மூன்று வருடம் கழித்து என்ன நடந்தது? 2023 செப்டம்பரில் கார்ட்டர் மேலே வந்தார், வயது 21. அக்டோபர் பிளேஆஃபில் ஒன்பது டபுள் (இரண்டாம் பேஸ் வரை ஓடிச் சேரும் அடி) அடித்தார். ஒரே பிளேஆஃபில் வேறு யாரும் அத்தனை அடித்ததில்லை. அதே வருடம் ஜூலையில் ரோபியையும் சகீஸியையும், ஏற்கெனவே மேலே ஆடிக்கொண்டிருந்த ஒரு பிட்சரோடு (பந்து வீசுபவர்) சேர்த்து செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்குக் கொடுத்து, ஜோர்டன் மான்ட்கோமரியையும் இன்னொரு பிட்சரையும் வாங்கியிருந்தார்கள். மான்ட்கோமரி பிளேஆஃப் முழுக்கத் தோள் கொடுத்தார். ரேஞ்சர்ஸ் தன் வரலாற்றில் முதல் உலகத் தொடரை வென்றது. சிரிப்பாய்ச் சிரிக்கப்பட்ட ஐந்து பேரில் ஒருவர் அடித்துக் கொடுத்தார், இருவர் விலையாகப் போய் கோப்பைக்கு உதவினார்கள். முதலில் எடுத்த ஃபாஸ்க்யூவோ 2024-இல்தான் மேலே வந்தார், வந்த வருடம் தடுமாறவும் செய்தார்.

இதில் ரசிகர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம், விற்கப்பட்டவர்கள். "சகீஸி நம்மிடம் ஆடவே இல்லையே, அப்போது வீண்தானே" என்பார்கள். இல்லை. டிராஃப்டில் எடுத்த பையன் அணிக்கு ஆட்டக்காரராகவும் பயன்படலாம், கையில் இருக்கும் காசாகவும் பயன்படலாம். டிராஃப்ட் வாய்ப்பையே அப்படியே இன்னொரு அணிக்கு விற்க, ஒருசில கூடுதல் வாய்ப்புகளைத் தவிர, பேஸ்பாலில் அனுமதி இல்லை. அதனால் ஆளை எடுத்து, கொஞ்ச காலம் வைத்திருந்து, அப்புறம்தான் மாற்றிக்கொள்ள முடியும். 2023-இல் சகீஸி ஃபிரிஸ்கோவில்தான் மட்டை சுழற்றிக்கொண்டிருந்தார். நீங்கள் ஏதாவது ஒரு சனிக்கிழமை போயிருந்தால் பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது பணம். டிராஃப்டைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் பத்து சுற்றில் ஒவ்வொரு இடத்துக்கும் லீக் ஓர் ஒப்பந்தத் தொகையைக் குறித்திருக்கும். அதை ஸ்லாட் என்பார்கள். ஓர் அணியின் ஸ்லாட்டுகளை எல்லாம் கூட்டினால் வருவது அதன் போனஸ் பூல். அந்த மொத்தத்துக்குள் யாருக்கு எவ்வளவு என்பது அணியின் இஷ்டம். மொத்தத்தைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 75 சதவீத வரி. ஐந்து சதவீதத்துக்கு மேல் தாண்டினால் அடுத்த வருட முதல் சுற்று வாய்ப்பே போய்விடும். அந்தக் கோட்டைத் தாண்ட எந்த அணியும் துணிவதில்லை.

இதன் விளைவு என்னவென்றால், தனித்தனி ஆளாகப் பார்க்கும்போது கிறுக்குத்தனமாகத் தெரிவது மொத்தமாகப் பார்த்தால் கணக்காக இருக்கும். மளிகைக் கடையில் ஒரு பொருளில் மிச்சம் பிடித்து இன்னொன்றை வாங்குவது போலத்தான். 2020-இல் ஃபாஸ்க்யூ தன் ஸ்லாட்டுக்குக் குறைவான தொகைக்கு ஒப்புக்கொண்டார். ஐந்தாம் சுற்றில் எடுத்த சகீஸிக்கு அவர் ஸ்லாட்டைவிட அதிகம் கொடுத்தார்கள். இல்லாவிட்டால் கல்லூரிக்குப் போயிருப்பார்.

இதைவிடத் தெளிவான உதாரணம் 2022. அந்த வருடம் ரேஞ்சர்ஸ் மூன்றாவது இடத்தில் குமார் ராக்கரை எடுத்தது. பெயரைப் பார்த்து நம் ஊர்க்காரரோ என்று நீங்கள் நிமிர்ந்திருப்பீர்கள். அவர் அம்மா இந்திய வம்சாவளி, அப்பா அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்காக 2019-இல் ஒரு முக்கியமான ஆட்டத்தில் 19 பேரை ஸ்டிரைக் அவுட் செய்து (மூன்று ஸ்டிரைக்கில் பேட்டரை வெளியேற்றி), ஒரு ஹிட்கூட விடாமல் முடித்தவர். 2021-இல் நியூயார்க் மெட்ஸ் அவரைப் பத்தாவதாக எடுத்தது. மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு கையைப் பற்றிக் கவலைப்பட்டு ஒப்பந்தம் போடாமல் விட்டுவிட்டது. அப்படி விட்டதற்கு ஈடாக மெட்ஸுக்கு அடுத்த வருடம் 11-ஆவது இடம் கிடைத்தது. ஆக, "எடுத்த ஆளை ஒப்பந்தம் செய்யவில்லை, எல்லாம் போச்சு" என்றும் உடனே சொல்லிவிட முடியாது.

அப்படிப்பட்ட ஆளை மூன்றாவதாக எடுத்தபோது பலரும் ரேஞ்சர்ஸை ஏசினார்கள். அந்த இடத்தின் ஸ்லாட் சுமார் 76 லட்சம் டாலர். ராக்கர் வாங்கியது 52 லட்சம். மிச்சமான 24 லட்சம் எங்கே போனது? நான்காம் சுற்றில் பிராக் போர்ட்டர் என்ற மிச்சிகன் பள்ளி பிட்சருக்கு 37 லட்சம் கொடுத்தார்கள். முதல் சுற்றிலேயே போயிருக்க வேண்டியவர் என்று பலரும் நினைத்த பையன் அவர். நடுவில் இரண்டாம், மூன்றாம் சுற்று ரேஞ்சர்ஸுக்குக் கிடையாது; கோரி சீகரையும் மார்க்கஸ் செமியனையும் விலைக்கு வாங்கியதற்குத் தண்டனையாக அவை பறிபோயிருந்தன. ஆக, ஒரு முதல் சுற்றுச் செலவில் இரண்டு முதல் சுற்று பிட்சர்களை வாங்கப் பார்த்தார்கள்.

திட்டம் புத்திசாலித்தனமானது. பலித்ததா? போர்ட்டர் பந்தைக் கட்டுப்படுத்த முடியாமல் திணறினார், வாக் (நான்கு தவறான பந்து வீசி பேட்டரைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்புவது) கொடுத்தே சலித்தார். ராக்கருக்கு 2023-இல் முழங்கை அறுவை சிகிச்சை, 2024 செப்டம்பரில் அறிமுகம், 2025-இல் மேலும் கீழுமாக அலைச்சல். யோசனை நல்லதாக இருந்து விளைவு சரியில்லாமல் போவது இங்கே சகஜம். இரண்டையும் தனித்தனியாக எடை போடுங்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை எம்எல்பி (மேஜர் லீக் பேஸ்பால்) தளத்தின் டிராஃப்ட் டிராக்கர் பக்கத்திலேயே பார்க்கலாம். ஸ்லாட்டுக்குக் குறைவாக வாங்கிய ஆளைக் கண்டால் உடனே நொந்துகொள்ளாமல், அந்த மிச்சம் எந்தச் சுற்றில் யாருக்குப் போனது என்று தேடுங்கள். பையனுக்கும் கணக்குப் பாடம் ஆயிற்று.

"நமக்குக் கடைசி இன்னிங்ஸ் வீச ஆள் இல்லை, இவர்கள் ஏன் ஷார்ட்ஸ்டாப்பை (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) எடுக்கிறார்கள்" என்ற புலம்பலை அடியோடு விட்டுவிடுங்கள். எடுத்த பையன் வந்து சேரும்போது இன்றைய குறை எதுவும் அப்படியே இருக்காது.

சரி, எடுத்தாகிவிட்டது. அடுத்த இரண்டு வருடம் எதைப் பார்ப்பது? பேட்டிங் சராசரியையும் ஹோம் ரன்னையும் முதலில் பார்க்காதீர்கள். வயதைப் பாருங்கள். டபுள்-ஏ மட்டத்தில் பெரும்பாலோர் 23, 24 வயதுக்காரர்கள். கார்ட்டர் 2023 சீசனை ஃபிரிஸ்கோவில் தொடங்கியபோது வயது 20. தன்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர்கள் வீசும் பந்தைச் சமாளித்தாலே அது செய்தி. 25 வயதில் அதே இடத்தில் விளாசுபவரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

வயதுக்கு அடுத்து, பேட்டராக இருந்தால் எத்தனை வாக் வாங்குகிறார், எத்தனை முறை ஸ்டிரைக் அவுட் ஆகிறார் என்று பாருங்கள். பிட்சருக்கும் அதே இரண்டுதான், தலைகீழாக. பந்து எங்கே விழுந்தது, ஃபீல்டர் பிடித்தாரா விட்டாரா என்ற அதிர்ஷ்டம் இந்த இரண்டிலும் குறைவு. கார்ட்டரின் பலமே இதுதான். கெட்ட பந்தைத் தொடாமல் நின்று நின்று 'ஃபுல் கவுண்ட் கார்ட்டர்' என்றே பெயர் வாங்கினார் (மூன்று தவறான பந்து, இரண்டு ஸ்டிரைக் ஆன நிலைதான் ஃபுல் கவுண்ட்). அப்புறம் ஓர் எச்சரிக்கை: ட்ரிபிள்-ஏ அணியான ரவுண்ட் ராக் ஆடும் பசிபிக் கோஸ்ட் லீக்கில் ஆல்புகர்கி, ரீனோ மாதிரி உயரமான ஊர்கள் உண்டு. காற்று மெலிந்த இடத்தில் பந்து பறக்கும். அங்கே அடித்த ஹோம் ரன்களைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

ஜாக் லைட்டர் கதை இதற்குப் பொருத்தம். 2021-இல் ரேஞ்சர்ஸ் இரண்டாவது இடத்தில் எடுத்த பிட்சர். வாண்டர்பில்ட்டில் ராக்கரின் கூட்டாளி. நேராக ஃபிரிஸ்கோவில் தொடங்கினார். 2022-இல் அவருடைய ஈஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன், 5.54. "காசைக் கரியாக்கினார்கள்" என்று உங்கள் ஊர் ரசிகர்கள் பொருமினார்கள். உள்ளே பார்த்தால், சுமார் 93 இன்னிங்ஸில் 109 ஸ்டிரைக் அவுட், 56 வாக். பந்தில் வேகமும் சுழலும் இருக்கிறது, திசைதான் இல்லை என்று அந்த எண்களே சொல்லின. 2024-இல் மேலே போய் 8.83 என்று இன்னும் மோசமாக அடி வாங்கினார். 2025-இல் 3.86, தொடக்க பிட்சர் வரிசையில் நிலைத்த இடம். எடுத்த நான்காவது வருடம். இதற்கு நேர்மாறாக, 2023-இல் நான்காவதாக எடுத்த வயட் லாங்ஃபோர்ட் அடுத்த சீசனின் முதல் நாளே மேலே ஆடிவிட்டார். லாங்ஃபோர்டைப் பார்த்துவிட்டு மற்ற எல்லோரும் அப்படி வருவார்கள் என்று காத்திருப்பதுதான் பாதி மனவருத்தத்துக்குக் காரணம்.

என் கணக்கு இப்படி: கல்லூரியிலிருந்து எடுத்தவருக்கு மூன்று நான்கு வருடம், பள்ளிப் பையனுக்கு ஐந்து வருடம் வாயைத் திறக்கக் கூடாது. முதல் சுற்றில் போகிறவர்களிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மேல்மட்டத்தைத் தொடாமலே போகிறார். கீழ்ச் சுற்றுகளில் வாய்ப்பு இன்னும் வேகமாகச் சரியும். ஆகவே ஒரு வருடத்து இருபது பேரில் ஒருவர் நிலைத்து ஆடி, இன்னொருவர் நல்ல விலைக்குப் போனாலே அது நல்ல வருடம். ஆல்பர்ட் புஹோல்ஸ் 1999-இல் பதிமூன்றாம் சுற்றில் 402-ஆவது ஆளாகக் கிடைத்தார் என்பது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய பன்னிரண்டு சுற்றிலும் எல்லா அணிகளும், அவரை எடுத்த கார்டினல்ஸ் உட்பட, அவரை விட்டுவிட்டன என்பதும் அதே அளவு உண்மை.

ஒப்பிடும்போது நியாயமாக ஒப்பிடுங்கள். 14-ஆவது இடத்தில் எடுத்தவரை அந்த வருடத்தின் மிகச் சிறந்த ஆளோடு நிறுத்தாமல், அவருக்குப் பின்னால் போன பத்துப் பதினைந்து பேரோடு வைத்துப் பாருங்கள். அவர்கள்தான் அந்த நேரத்தில் உண்மையில் கைக்கு எட்டியவர்கள்.

உங்கள் பையனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். வருடத்துக்கு ஒரு பக்கம்; பெயர், வயது, ஸ்லாட், வாங்கிய தொகை. எடுத்தவர்கள் ஃபிரிஸ்கோ வந்து சேரும்போது அந்த அணியின் மைதானமான ரைடர்ஸ் ஃபீல்டில், பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் இடம் பிடியுங்கள். வெளியே தண்ணீரில் மிதந்துகொண்டு ஆட்டம் பார்க்கும் வசதி இருக்கிறதே, வெயிலுக்கு அது சுகம்தான், ஆனால் அங்கிருந்து பந்து எங்கே போகிறது என்று தெரியாது. பின்னால் உட்கார்ந்து, பேட்டர் எந்தப் பந்தை அடிக்காமல் விடுகிறார் என்று மட்டும் இரண்டு இன்னிங்ஸ் கவனியுங்கள்.

என் நோட்டில் 2020-க்கு 'ஏ' போட்டு மையால் எழுதிவிட்டேன், கார்ட்டருக்கு அதன்பின் முதுகுவலி ஓயாமல் வந்தும்கூட. 2022 பக்கம் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.