பதினொன்று என்று மட்டும் எழுதலாமா? நரம்பியல் பரிசோதனை குறித்துச் செவிலிய மாணவர்களின் கேள்விகள்

கேள்வி: நோயாளியின் சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலில் (ஜிசிஎஸ்) மொத்த மதிப்பெண்ணை மட்டும் எழுதியிருந்தேன். மூன்று பிரிவுகளையும் தனித்தனியாக எழுதும்படி வார்டு சிஸ்டர் திருப்பித் தந்துவிட்டார். கூட்டினால் ஒன்றுதானே?

பதில்: ஒன்றல்ல. 1974-இல் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் கிளாஸ்கோவில் இந்த அளவுகோலை உருவாக்கியபோது, கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றையும் தனித்தனியே விவரிப்பதுதான் அவர்கள் நோக்கம். கூட்டுத்தொகை பிறகு வந்து சேர்ந்த வசதி. மூளையின் இடப்புற முன்மடலில் பக்கவாதம் வந்த ஒருவர் விழித்திருக்கிறார், சொன்னபடி கையைத் தூக்குகிறார், ஆனால் ஒலியே எழவில்லை: கண் 4, பேச்சு 1, அசைவு 6, மொத்தம் 11. தலையில் அடிபட்ட இன்னொருவர் கூப்பிட்டால் மட்டும் கண் திறக்கிறார், தொடர்பற்ற சொற்களை உதிர்க்கிறார், வலி கொடுத்த இடத்துக்குக் கையைக் கொண்டுவருகிறார்: 3, 3, 5. இவருக்கும் 11 தான். முதலாமவரின் குறை மொழியில் இருக்கிறது. இரண்டாமவருக்குச் சுயநினைவே மங்கிக்கொண்டிருக்கிறது. வெறும் 11 என்ற எண் இவ்விருவரையும் ஒரே ஆளாக்கிவிடும். மூச்சுக்குழாயில் டியூப் இருப்பவருக்குப் பேச்சுப் பிரிவில் 1 போடாமல் 'டி' என்று குறிப்பதும் இதே காரணத்தால்தான்.

கேள்வி: வலித் தூண்டலுக்கு நெஞ்செலும்பை முட்டியால் தேய்க்கலாமா?

பதில்: பல வார்டுகளில் இன்னும் தேய்க்கிறார்கள், நான் பரிந்துரைப்பதில்லை. தோல் கன்றிப்போகும்; கை நெஞ்சை நோக்கி வந்தால் அது வெறும் மடக்கமா, வலியைத் தேடி வந்ததா என்பதும் தெளிவாகாது. கழுத்தோரத் தசையைக் கிள்ளுங்கள், அல்லது புருவ எலும்பின் பள்ளத்தில் அழுத்துங்கள். கை காறை எலும்பைத் தாண்டி மேலே வந்தால்தான் அசைவுக்கு 5.

கேள்வி: வலப்பக்கம் ரத்தக்கட்டு என்றால் இடது கைகால் பலவீனமாகிறது, கண்மணி மட்டும் ஏன் வலப்பக்கமே விரிகிறது?

பதில்: உடற்கூறியலை வார்டுக்குக் கொண்டுவரும் கேள்வி இது. கைகாலை அசைக்கும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் எதிர்ப்பக்கம் தாண்டுகின்றன. ஆகவே வலப் பெருமூளை அழுந்தினால் இடப்பக்கம் தளர்கிறது. மூன்றாம் கபால நரம்போ நடுமூளையிலிருந்து புறப்பட்டுத் தன் பக்கத்துக் கண்ணுக்கே செல்கிறது. பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் இடையே கூடாரம் போல விரிந்த உறையின் விளிம்பை ஒட்டி அது போவதால், வீக்கத்தால் பொட்டுமடலின் (நெற்றிப்பொட்டை ஒட்டிய பெருமூளைப் பகுதியின்) உட்பகுதி கீழ்நோக்கிப் பிதுங்கும்போது அங்கே நசுங்குகிறது. கண்மணியைச் சுருக்கும் இழைகள் அந்த நரம்பின் மேற்புறத்திலேயே ஓடுவதால் முதலில் அடிபடுபவை அவைதாம். சுயநினைவு மங்கிவரும் நோயாளிக்கு ஒரு கண்மணி புதிதாக விரிந்து டார்ச் ஒளிக்கு அசையாமல் நின்றால், அடுத்த சுற்றுவரை காத்திராமல் உடனே மருத்துவரை அழையுங்கள். மாறாக, தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பவருக்கு ஒரு கண்மணி விரிந்திருந்தால் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்களா, முன்பு கண் அறுவை நடந்ததா என்று விசாரியுங்கள். நெபுலைசர் மாஸ்க்கிலிருந்து கசிந்த ஐப்ராட்ரோபியம் என்ற மூச்சுத்திணறல் மருந்து கூட இந்த வேலையைச் செய்யும்.

கேள்வி: ரத்த அழுத்தம் ஏறி, நாடி குறைந்து, மூச்சு சீர்கெடுவதை மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடுவதன் முதல் அடையாளமாக நம்பலாமா?

பதில்: கூடாது. மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் விவரித்த இந்த மூன்றும் ஒன்றாகத் தென்படும்போது மூளைத்தண்டு ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கிறது. அதற்கு வெகு முன்பே தலைவலி, வாந்தி, காரணமற்ற அமைதியின்மை, கூப்பிட்டால் தாமதமாகப் பதில் சொல்லுதல் ஆகியவை வந்திருக்கும். காலையில் மகளின் பெயரைச் சொன்னவர் மதியம் தடுமாறுகிறார் என்று உடனிருக்கும் உறவினர் சொன்னால், அதையும் நேரத்தோடு பதிவு செய்யுங்கள்.

கேள்வி: வாய் கோணினால் எல்லாமே பக்கவாதமா?

பதில்: இல்லை. நெற்றியைச் சுருக்கச் சொல்லுங்கள். நெற்றித் தசைக்கு இரு பெருமூளைகளிலிருந்தும் கட்டளை வருவதால், பெருமூளைப் பாதிப்பில் பொதுவாக அது தப்பிவிடும். முகநரம்பே பழுதானால் நெற்றியும் கண்ணிமையும் சேர்ந்து தளரும். ஆனாலும் திடீரென்று கோணிய வாயைப் பக்கவாதம் இல்லை என்று முடிவு கட்டுவது மருத்துவரின் வேலை. நீங்கள் உடனே விரல்நுனியில் சர்க்கரையைப் பாருங்கள், ஏனெனில் சர்க்கரைக் குறைவு பக்கவாதம் போலவே நடிக்கும். பிறகு, கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது, வாய் கோணியதை வீட்டார் கவனித்த நேரத்திலிருந்து அல்ல.