டிரான்சிட் காசை யார் கட்டுவது?

வணக்கம் அக்கா. நான் பினாங்கு பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். முன்பு ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் கிளார்க்காக இருந்தேன். மூத்தவன் பிறந்ததும் நின்றுவிட்டேன், 9 வருடம் ஆகிறது. இப்போது இளையவளும் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. மறுபடி வேலை தேடலாம் என்று ரெஸ்யூமே எழுத உட்கார்ந்தால், அந்த 9 வருடத்துக்கு என்ன எழுதுவது என்று கை நின்றுவிடுகிறது. இன்டர்வியூவில் கேட்டால் என்ன சொல்வது? வீட்டுக்காரர் தடுக்கவில்லை. ஆனால், "உன் சம்பளம் டிரான்சிட்டுக்கும் (பள்ளி விட்டதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) பள்ளி வேனுக்கும் சரியாகிவிடும், அப்புறம் எதற்கு?" என்கிறார். மாமியார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கு வரி விலக்கு உண்டாமே?
— ஒரு வாசகி

அன்புத் தங்கச்சி,

வரி விலக்கு 2018 பட்ஜெட்டில் வந்தது, குறைந்தது 2 வருடம் வீட்டிலிருந்த பெண்களுக்கு. ஆனால் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஆரம்பச் சம்பளத்தில் வரியே வராது, அதை விடுங்கள். மாமியார் முகத்தையும் விடுங்கள்.

ரெஸ்யூமேயில் "பிள்ளைகளை வளர்த்தேன்" என்று ஒரு வரி எழுதி ஆண்டைப் போடுங்கள், போதும். குற்றவாளி மாதிரி விளக்கம் எழுத வேண்டாம். வீட்டில் செய்வது வேலையே இல்லை என்றால், இல்லத்தரசிகளுக்கென்று 2022 டிசம்பரில் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ ஒரு பாதுகாப்புத் திட்டத்தை ஏன் தொடங்கியது, ஆண்டுக்கு 120 வெள்ளி (ரிங்கிட்) சந்தாவில்? இன்டர்வியூவுக்குப் போகும் முன் வேறொன்றைப் படியுங்கள். நீங்கள் வேலையை விட்டபோது ஜிஎஸ்டி என்கிற பொருள் சேவை வரி இருந்தது. 2018 செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டி திரும்பி வந்தது, 2024 ஆகஸ்டிலிருந்து மின் இன்வாய்ஸ் படிப்படியாக வந்துகொண்டிருக்கிறது. கணக்கு எழுதத் தெரிந்த உங்களுக்கு இது புரியாத விஷயமில்லை.

சரி, நான் பதில் எழுத உட்கார்ந்ததே உங்கள் வீட்டுக்காரர் போட்ட கணக்கைப் பார்த்துத்தான். இந்தக் கணக்கைப் பல வீடுகளில் கேட்டுவிட்டேன், ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

டிரான்சிட் காசை ஏன் உங்கள் சம்பளத்தில் மட்டும் கழிக்கிறார்? அவர் அந்தப் பிள்ளைகளுக்கு அப்பா இல்லையா? இந்த 9 வருடமும் அவர் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்ப முடிந்ததே வீட்டில் ஒருத்தி சம்பளமில்லாமல் பிள்ளை பார்த்ததால்தான், அந்தச் செலவை அவர் சம்பளத்தில் யாராவது கழித்தார்களா? கார் தவணை, பெட்ரோல், மத்தியானச் சாப்பாடு எல்லாவற்றையும் கழித்துவிட்டு, "மிச்சம் பெரிதாக இல்லை, நீங்கள் வீட்டிலேயே இருங்கள்" என்று நீங்கள் ஒரு நாளாவது அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? டிரான்சிட் செலவு குடும்பத்துச் செலவு. இரண்டு சம்பளத்தையும் கூட்டிவிட்டு அதில் கழிக்கச் சொல்லுங்கள்.

அவர் கணக்கில் இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. 2,500 வெள்ளி சம்பளம் என்று வையுங்கள். சேமநிதிக்கு உங்கள் பங்கு 11 சதவீதம், 275 வெள்ளி. முதலாளியின் பங்கு 13 சதவீதம், 325 வெள்ளி. மாதம் 600, வருடம் 7,200, அதற்கு மேல் டிவிடெண்ட். கையில் வருவது முழுக்க டிரான்சிட்டுக்கே போனாலும் இந்தப் பணம் உங்கள் பெயரில் நிற்கும். 9 வருடமாக உங்கள் கணக்கில் இது விழவில்லை, அவருடையதில் விழுந்துகொண்டே இருந்தது. கணவருடைய சேமநிதி நமக்கும்தானே என்று வயதான காலத்தில் மருந்துக்குக் கைநீட்டி நிற்கிற பெண்களை எனக்குத் தெரியும் தங்கச்சி. நீங்கள் அப்படி நிற்கக் கூடாது.

உங்கள் வீட்டில் யாராவது "நம் குடும்பத்துப் பெண்கள் வேலைக்குப் போனதில்லை" என்று சொன்னால் நம்பாதீர்கள். என் அம்மா நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போகிற வழியில் தம்பியை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். பழைய சேலைகளில் கட்டிய தொட்டில்கள் உத்திரத்தில் வரிசையாகத் தொங்கும், மரம் வெட்ட முடியாத வயதான ஆயா ஒரு கயிற்றைக் கையாலும் இன்னொன்றைக் கால் கட்டைவிரலாலும் இழுத்துக்கொண்டிருப்பார். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு அம்மா திரும்பி வருவார். விரல்களில் ஒட்டிக் காய்ந்த ரப்பர்ப் பாலைத் தேங்காய் எண்ணெய் தடவி உருட்டி எடுத்துவிட்டுத்தான் தம்பியைத் தூக்குவார்.

தோட்ட வாழ்க்கை சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. கூலி குறைவு, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வாய்க்கு அளவே இல்லை, பல கொட்டகைகளில் சுத்தமும் இல்லை. ஆனால் தாய் வேலைக்கு வரவேண்டும் என்றால் பிள்ளையை ஒருவர் பார்த்தாக வேண்டும் என்பது அந்த வெள்ளைக்கார துரைக்கே தெரிந்திருந்தது. பெண்ணின் சம்பளத்தில் கழித்துப் பார்த்து லாபமில்லை என்று அவன் சொல்லவில்லை, அவனுக்குப் பால் வேண்டும். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, வீடமைப்புப் பகுதிகள் ஆயின. 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்த பிறகு நம் பெண்கள் ஃபேக்டரி பஸ் ஏறினார்கள். அடுக்குமாடிக்குக் குடிபோனபோது ஆயாக்கொட்டகை மட்டும் கூட வரவில்லை. அந்த இடத்தில் இன்று ஒரு தாயைத் தனியாக நிறுத்திவைத்துவிட்டு, உனக்குத் தைரியமில்லை, தன்னம்பிக்கை போதாது என்று பேசுகிறோம். இது அநியாயம்.

அதனால் ரெஸ்யூமேயை மூடிவைத்துவிட்டு, இன்று இரவு அவரோடு உட்காருங்கள். பள்ளி விட்டதும் யார், டிரான்சிட்டிலிருந்து சாயங்காலம் கூட்டிவருவது யார், காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் லீவு போடுவது யார் என்று பெயர் போட்டு எழுதுங்கள். எல்லாவற்றிலும் உங்கள் பெயரே வந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். 2023 ஜனவரியிலிருந்து, வேலை நேரத்தை மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்தில் கேட்கலாம், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். அது அம்மாக்களுக்கு மட்டுமான சட்டம் இல்லை. நீங்கள் புதிதாகச் சேரப்போகிறவர், அவரோ வேலையில் நிலைத்துவிட்டவர். முதல் விண்ணப்பத்தை அவர் போடட்டும்.