வெளிநாட்டில் ஓராண்டு பணிப்பயிற்சி: கேள்வி – பதில்

கேள்வி: பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் பயிற்சியாகக் கழிக்கப்போகிறேன். நிறுவனம் மின்னஞ்சலில் சம்மதம் சொல்லிவிட்டது. விசாவுக்கு விண்ணப்பித்துவிடலாமா?
– இயந்திரவியல் மாணவர்

பதில்: பொறுங்கள். அந்த மின்னஞ்சலை எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் துறைப் பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் போங்கள். இந்த ஓராண்டு பாடத்திட்டத்தின் பகுதியாக மதிப்பிடப்படுமா, அல்லது படிப்பை நிறுத்திவைத்துவிட்டு நீங்களாகப் போகிறீர்களா? விசா வகை, சம்பள உரிமை, காப்பீடு, கிரெடிட் (பட்டத்துக்குச் சேரும் பாட மதிப்பலகு) நான்கும் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில்தான் தொங்குகின்றன.

பாடத்தின் பகுதிதான் என்று காட்டும் தாள், முத்தரப்பு ஒப்பந்தம். ஐரோப்பாவின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸில் பயிற்சிக் காலம் 2 முதல் 12 மாதம். மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் நிறுவனம் மூவரும் பயிற்சி தொடங்குமுன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். பிரான்சிலும் இதே முத்தரப்பு ஒப்பந்தம் கட்டாயம். அமெரிக்காவின் ஜே-1 பயிற்சி விசாவுக்கு டிஎஸ்-7002 என்ற பயிற்சித் திட்டப் படிவம் நிரப்ப வேண்டும். அதைச் சரிபார்த்து, விசாவுக்குத் தேவையான டிஎஸ்-2019 படிவத்தைத் தருவது அரசு அங்கீகரித்த ஸ்பான்சர் அமைப்பு. உங்களை அழைக்கும் நிறுவனமே ஸ்பான்சராக இருப்பது அரிது. நிறுவனம் ‘சரி’ என்றதும் விசாவும் ஆயிற்று என்று பலர் நினைத்து ஏமாறுவது இங்கேதான்.

ஒப்பந்தத்தில் தொடக்க, முடிவுத் தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வேலை நடக்கும் இடத்தின் முழு முகவரி (தலைமை அலுவலக முகவரி போதாது), மேற்பார்வையாளர் பெயர், உதவித்தொகை, காப்பீடு யார் பொறுப்பு என்பவை இருக்க வேண்டும். வேலை விவரத்தில் அதிகக் கவனம் தேவை. “உற்பத்திப் பிரிவில் உதவுதல்” என்று எழுதினால் திரும்பி வரும். “முதல் 8 வாரம் அதிர்வு அளவீடுகளைச் சேகரித்தல், அடுத்த 12 வாரம் அவற்றைக் கொண்டு பேரிங் தேய்மானத்தைக் கணித்தல்” என்று கட்டம் கட்டமாக எழுதச் சொல்லுங்கள். ஜே-1 விதிப்படி எழுத்தர் வேலை 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வாரத்துக்குக் குறைந்தது 32 மணி நேரப் பயிற்சி வேண்டும். ‘இன்டர்ன்’ பிரிவில் அதிகபட்சம் 12 மாதம்தான்.

கேள்வி: பிரான்சில் ஒரே நிறுவனத்தில் 12 மாதம் பயிற்சி எடுக்க முடியுமா?

பதில்: மாணவர் பயிற்சி ஒப்பந்தத்தில் முடியாது. ஒரு கல்வியாண்டில் ஒரு நிறுவனத்தில் 6 மாதம்தான் உச்சவரம்பு. அந்த 6 மாதத்தையும் நாள்காட்டியைப் பார்த்து எண்ண மாட்டார்கள்: 7 மணி நேரம் ஒரு நாள், 22 நாள் ஒரு மாதம் என்று கணக்கு, மொத்தம் 924 மணி நேரம். எனவே ஆண்டை இரண்டாகப் பிரித்து இரு நிறுவனங்களில் செய்வதே வழக்கம். இரண்டாவது இடத்தை முதல் பயிற்சி முடிந்தபின் தேடத் தொடங்கினால் நடுவில் இரண்டு மாதம் வெறுமனே போய்விடும்.

கேள்வி: பிரிட்டனில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் இருக்கிறேன், மாணவர் விசா. இடையில் ஓராண்டு பயிற்சியைச் சேர்த்து நான்காண்டாக்கலாமா? அந்த விசாவில் வேலைக்கு உள்ள வாரம் 20 மணி நேர வரம்பு தடையாகுமா?

பதில்: பயிற்சி பாடத்தின் மதிப்பிடப்படும் பகுதியாக இருந்தால் அந்த 20 மணி நேர வரம்புக்குள் வராது, முழுநேரமே வேலை செய்யலாம். ஆனால் பயிற்சிக் காலம் மொத்தப் படிப்பில் பாதியைத் தாண்டக் கூடாது. நான்கில் ஒன்று என்பதால் உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. சிக்கல் விசாவின் முடிவுத் தேதியில் இருக்கிறது. அது மூன்றாண்டுக்குக் கணக்கிட்டது. படிப்பு மாற்றத்தைப் பல்கலைக்கழகம் முறைப்படி பதிய வேண்டும், நீங்கள் விசாவை நீட்டிக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் நீட்டிப்பது என்பதைச் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பயிற்சி நடக்கும்போதும் விசாவுக்குப் பொறுப்பு பல்கலைக்கழகமே. ஆகவே அவர்கள் கேட்கும் வருகைப் பதிவை அனுப்பத் தவறாதீர்கள். வேலை கைவிட்டுப் போனால் உடனே தெரிவியுங்கள். இன்னொன்று: பெரிய நிறுவனங்கள் அடுத்த கோடையில் தொடங்கும் இடங்களுக்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே ஆள் எடுக்கத் தொடங்கிவிடும். வசந்தத்தில் தேடுபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சிறு நிறுவனங்கள். அது குறையல்ல, அங்கே கையில் வரும் வேலை பல சமயம் அகலமாக இருக்கும்.

கேள்வி: குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பயிற்சி மாணவருக்கும் பொருந்தும்தானே?

பதில்: பல நாடுகளில் பொருந்தாது. பிரிட்டனில் உயர்கல்விப் படிப்பின் பகுதியாக ஓராண்டு வரை செய்யும் பயிற்சிக்கு அந்த உரிமை இல்லை. ஜெர்மனியில் பாடத்திட்டம் கட்டாயமாக்கிய பயிற்சிக்கு இல்லை; நீங்களாக விரும்பிச் செய்வது மூன்று மாதத்தைத் தாண்டினால் உண்டு. ஜெர்மனியில் பாடத்தோடு இணைத்த தாள் கூலி உரிமையைப் பறிக்கிறது. ஆனால் அதே தாள் வேறு விதத்தில் உதவும்: அங்கே படிக்கும், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவருக்கு ஆண்டுக்கு 140 முழு வேலை நாள் என்ற வரம்பு உண்டு, கட்டாயப் பயிற்சி நாள்கள் அதில் சேராது. பிரான்சில் இரண்டு மாதத்தைத் தாண்டும் பயிற்சிக்கு உதவித்தொகை கட்டாயம். எந்த நாடானாலும் தொகை, கொடுக்கும் தேதி, வரி பிடித்தபின் கையில் வருவது எவ்வளவு ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். முதல் சம்பளம் கைக்கு வர ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம். அதற்குள் வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை, போக்குவரத்து எல்லாம் வந்து நிற்கும். அந்தத் தொகையைத் தனியாக எடுத்துவைக்காமல் விமானம் ஏறாதீர்கள்.

கேள்வி: பயணக் காப்பீடு எடுத்திருக்கிறேன். போதாதா?

பதில்: பெரும்பாலும் போதாது. சாதாரணப் பயணக் காப்பீடுகளில் பல, வேலை செய்யும்போது நேரும் விபத்தை விலக்கிவைத்திருக்கும். இயந்திரங்களோடு செய்யும் வேலை என்றால் நிச்சயம் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். தேவை மூன்று: மருத்துவம், பணியிட விபத்து, நீங்கள் பிறருக்கோ கருவிக்கோ ஏற்படுத்தும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடு. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஜே-1 விசாவுக்கு அளவே வகுத்திருக்கிறார்கள்: ஒரு நோய் அல்லது விபத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர், மருத்துவக் காரணத்துக்காகத் தாய்நாடு அழைத்துச் செல்ல 50,000, உடலைத் திருப்பி அனுப்ப 25,000. காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் நீங்கள் கையிலிருந்து கட்டும் தொகை, ஒரு நோய் அல்லது விபத்துக்கு 500 டாலரைத் தாண்டக் கூடாது.

கேள்வி: இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். கல்லூரிக்கு அறிக்கை கொடுக்க வேண்டுமே, என்ன செய்வது?

பதில்: கையெழுத்திடுமுன் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: “கல்வி மதிப்பீட்டுக்கான அறிக்கையை, நிறுவனம் பார்த்து ஒப்புக்கொண்டபின், மாணவர் சமர்ப்பிக்கலாம்.” இது இல்லாமல் ஆண்டு முழுவதும் உழைத்து, கடைசியில் காலி அறிக்கையோடு நிற்பவர்கள் உண்டு. நிறுவனம் மிகவும் தயங்கினால் அறிக்கையை மூடிய ஆவணமாக மதிப்பீட்டாளர் மட்டும் படிக்கும்படி ஏற்பாடு செய்யலாம். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே முதல் பக்கத்தில், பிறர் படிக்கக் கூடாது என்ற தடைக்குறிப்பு ஒன்று போடுவார்கள். சரிபார்க்க நிறுவனத்துக்கு நான்கு வாரமாவது பிடிக்கும் என்று வைத்து, வரைவை அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். உண்மை எண்களைக் காட்ட அனுமதி கிடைக்காவிட்டால் முதல் அளவீட்டை 100 என வைத்து மற்றவற்றை விகிதமாகத் தாருங்கள். வரைபடத்தின் வடிவம் மாறாது, எண்ணும் வெளியே போகாது.